தானியங்கி அப்டேட் முந்திக்கொண்டால்: லினக்ஸில் எது முன்னே, எது பின்னே

தொண்டியில் ஜெராக்ஸ் கடை, கீழக்கரையில் டிராவல்ஸ், மண்டபத்தில் ஐஸ் கம்பெனி ஆபீஸ், ராமேஸ்வரத்தில் லாட்ஜ் வரவேற்பறை. நான் பார்த்துக்கொள்ளும் லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் இருப்பதெல்லாம் இப்படிப்பட்ட இடங்களில்தான். காலையில் கடை திறக்கும்போது போடுவார்கள், இரவில் மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டுப் போவார்கள். மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது. நெட் என்பது பாதி இடங்களில் செல்போன் ஹாட்ஸ்பாட்.

உபுண்டு, டெபியன் இரண்டிலும் தானாக அப்டேட் ஆகும் ஏற்பாடு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதன் கால அட்டவணை இரவு பகலாக ஓடும் இயந்திரத்தை மனதில் வைத்துப் போட்டது. நம் கடைகளில் அது தடுமாறுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: இரண்டாவதாக ஓட வேண்டியது முதலில் ஓடிவிடுகிறது. கீழே உள்ளவை டெபியன் 12, உபுண்டு 22.04, 24.04 ஆகியவற்றுக்குப் பொருந்தும். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் யார் யார் என்று தெரிந்துகொள்வோம்

சர்வீஸ் என்பது பின்னணியில் ஓடும் ஒரு வேலை, டைமர் என்பது அதை நேரம் பார்த்துக் கிளப்புவது, இரண்டையும் நடத்துவது சிஸ்டம்டி. ஏபிடி-டெய்லி.சர்வீஸ் மென்பொருள் பொதிகளின் பட்டியலை இறக்கும். ஏபிடி-டெய்லி-அப்கிரேடு.சர்வீஸ் அந்தப் பட்டியலைப் பார்த்து அப்டேட்டை நிறுவும். இரண்டுக்கும் தனித்தனி டைமர் உண்டு. பட்டியல் டைமருக்கு நேரம் காலை 6, மாலை 6. அதோடு 12 மணி நேரம் வரை ஏதாவது ஒரு தாமதம் சேரும். எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே நொடியில் சர்வரில் போய் விழக்கூடாது என்பதற்காக இந்தத் தாமதம். நிறுவும் டைமருக்கு நேரம் காலை 6, தாமதம் 60 நிமிடம் வரைதான். இரண்டிலும் பெர்சிஸ்டென்ட்=ட்ரூ என்று ஒரு வரி இருக்கும். கம்ப்யூட்டர் அணைந்திருந்தபோது நேரம் தவறிப்போயிருந்தால், அடுத்த முறை போட்டதும் அந்த வேலையைப் பிடித்துக்கொள் என்று அதற்கு அர்த்தம்.

இந்த இரண்டு சர்வீஸ், இரண்டு டைமர் போக, ஐந்தாவதாக அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்.சர்வீஸ் என்று ஒன்று. இதுதான் அப்டேட் செய்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். இதன் வேலை அதுவல்ல. அப்டேட் நடந்துகொண்டிருக்கும்போது யாராவது ஷட்டவுன் கொடுத்தால், வேலை முடியும்வரை இழுத்துப் பிடிப்பதுதான் இதன் வேலை. அதனால் ‘ஆக்டிவ், ரன்னிங்’ என்று பச்சையில் காட்டினால் அப்டேட் ஆகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறுத்தி வைத்தாலும் அப்டேட் நிற்காது.

அறிகுறி: காலையில் எதையும் நிறுவ முடியவில்லை, பூட்டு கிடைக்கவில்லை என்கிறது

“அண்ணே, பிரிண்டர் டிரைவர் போட விடமாட்டேங்குது, வேற யாரோ பூட்டி வச்சிருக்காங்கங்குது” என்று கடைப் பையன் போன் செய்வது பெரும்பாலும் கடை திறந்த ஒரு மணி நேரத்துக்குள்தான் இருக்கும். காரணம் மேலே சொன்னதுதான். காலை 6 மணிக்குக் கம்ப்யூட்டர் அணைந்திருந்தது, ஒன்பது மணிக்குப் போட்டதும் தவறிப்போன வேலை 60 நிமிடத்துக்குள் கிளம்பிவிடும்.

பிழைச் செய்தியிலேயே பூட்டைப் பிடித்திருப்பது யார் என்று ப்ராசஸ் எண்ணோடு இருக்கும். பெயர் ‘அன்அட்டெண்டட்-அப்கிர்’ என்று பாதியில் நிற்கும். நிறுவும் சர்வீஸ் ஓட்டும் அன்அட்டெண்டட்-அப்கிரேடு என்ற நிரல் இது, மேலே சொன்ன ஐந்தாவது சர்வீஸ் அல்ல. லினக்ஸ் ப்ராசஸ் பெயருக்கு 15 எழுத்துதான் இடம் தரும், அவ்வளவே. அந்தப் பெயர் இருந்தால் காத்திருங்கள். ஏபிடி என்ற கட்டளையைத் திரையில் நேரடியாகக் கொடுத்தால் அதுவே 120 விநாடி காத்திருந்து பார்க்கும். ஏபிடி-கெட் உடனே கைவிரித்துவிடும். ஸ்கிரிப்டில் ஏபிடி-கெட் இருந்தால் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்:

-ஓ டிபிகேஜி::லாக்::டைம்அவுட்=300

பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்று வீடியோவுக்கு வீடியோ சொல்கிறார்கள். செய்யாதீர்கள். கோப்பு அங்கே கிடப்பது பூட்டு ஆகாது. ஓடும் ப்ராசஸ் அதன்மேல் வைத்திருக்கும் பிடிதான் பூட்டு. ப்ராசஸ் செத்தால் பிடியும் போய்விடும், கோப்பு மட்டும் சும்மா கிடக்கும். ப்ராசஸ் உயிரோடு இருக்கும்போது கோப்பை அழித்தால், இரண்டு டிபிகேஜி (பொதிகளை உண்மையில் நிறுவும் நிரல்) ஒரே நேரத்தில் ஒரே தரவுத்தளத்தில் எழுத வழி திறந்துவிடுகிறீர்கள். அதற்கப்புறம் எடுத்துக் கட்டுவது பெரிய வேலை.

நிரந்தரமாகச் சரிசெய்ய, நிறுவும் நேரத்தை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றிவிடுங்கள்:

சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் ஏபிடி-டெய்லி-அப்கிரேடு.டைமர்

திறக்கும் இடத்தில்:

[டைமர்]
ஆன்காலண்டர்=
ஆன்காலண்டர்=14:15
ரேண்டமைஸ்டுடிலேசெக்=10எம்

வெறுமையாக விட்ட அந்த முதல் வரியை விட்டுவிட வேண்டாம். அது இல்லாவிட்டால் பழைய காலை 6 மணியும் அப்படியே இருக்கும், புதிய நேரமும் கூடச் சேரும். சேமித்தபின் அந்த டைமரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள்.

அறிகுறி: அப்டேட் ஓடுகிறது, ஆனால் 404 என்கிறது, அல்லது ஒன்றுமே இல்லை என்கிறது

இதுதான் முக்கியமானது. மற்றவற்றை வேகமாகத் தாண்டினாலும் இதை நிதானமாகப் படியுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாவிட்டால் ஐஸ் கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டருக்கும் வேலை இல்லை. ஜூன் நடுவில் தூசி தட்டிப் போடுகிறார்கள். நிறுவும் டைமர் ஒரு மணி நேரத்துக்குள் கிளம்புகிறது. பட்டியல் டைமரோ 12 மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஆக, கையில் இருப்பது ஏப்ரல் மாதப் பட்டியல். அதை வைத்துக்கொண்டு அன்அட்டெண்டட்-அப்கிரேடு போய்க் கேட்கும் பொதிகள் சர்வரில் இப்போது இல்லை, அவற்றின் இடத்தில் புதியவை வந்துவிட்டன. அதனால்தான் 404.

404 வந்தால் கூட நல்லது, ஏதோ தவறு என்று தெரிந்துவிடும். மோசமானது இன்னொன்று. பழைய பட்டியலின்படி எல்லாம் ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்தால், ‘தானாக நிறுவ எதுவும் இல்லை’ என்று பதிவில் எழுதிவிட்டு நல்லபிள்ளையாக முடிந்துவிடும். பிழை இல்லை, சிவப்பு எழுத்து இல்லை, பாதுகாப்பு அப்டேட்டும் இல்லை. தடைக்காலம் வரை போக வேண்டாம், ஒரு நாளில் ஆறு மணி நேரம் மட்டும் ஓடும் கம்ப்யூட்டரிலேயே இது நடக்கும். பட்டியல் டைமரின் தாமதம் 12 மணி நேரத்துக்குள் எங்கேயும் விழலாம் என்பதால், பாதி நாட்களில் அதன் முறை வருவதற்குள் கடையைச் சாத்திவிடுவார்கள்.

கண்டுபிடிக்க:

சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ் --ஆல்

‘லாஸ்ட்’ என்ற பத்தியில் ஏபிடி-டெய்லி, ஏபிடி-டெய்லி-அப்கிரேடு இரண்டும் கடைசியாக ஓடிய நேரத்தைப் பாருங்கள். இரண்டாவது இன்று காலை, முதலாவது மூன்று நாள் முன்பு என்று இருந்தால் விஷயம் பிடிபட்டுவிட்டது. உறுதிசெய்ய, /வார்/லிப்/ஏபிடி/பீரியாடிக் அடைவில் அப்டேட்-ஸ்டாம்ப் என்ற கோப்பின் தேதியையும் பாருங்கள். பட்டியல் கடைசியாக வந்து சேர்ந்த நாள் அது.

இங்கே ஒருவருக்குச் சந்தேகம் வரும். ‘சிஸ்டம்சிடிஎல் கேட் ஏபிடி-டெய்லி-அப்கிரேடு.சர்வீஸ்’ என்று போட்டுப் பார்த்தால் ஆஃப்டர்=ஏபிடி-டெய்லி.சர்வீஸ் என்று தெளிவாக எழுதியிருக்கிறதே, அப்படியானால் பட்டியல்தானே முதலில் வர வேண்டும்?

ஆஃப்டர் சொல்வது வரிசையை மட்டும்தான். பந்தியில் தாத்தாவுக்கு இலை போட்ட பிறகுதான் பேரனுக்கு என்பது போல. தாத்தாவும் வந்து உட்கார்ந்தால்தான் அந்த முறைக்கு வேலை. அவர் வரவே இல்லையென்றால் பேரன் காத்திருக்க மாட்டான், அவரைப் போய்க் கூப்பிட்டு வரச் சொல்லியும் யாரும் எழுதி வைக்கவில்லை. இரண்டு சர்வீஸும் ஒரே சமயத்தில் வரிசையில் நின்றால் மட்டுமே ஆஃப்டர் கண்ணுக்குத் தெரியும். நிறுவும் டைமரிலும் ஆஃப்டர்=ஏபிடி-டெய்லி.டைமர் என்று உண்டு. அதுவும் டைமர்கள் எந்த வரிசையில் விழித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு மட்டும்தான், எப்போது அடிக்க வேண்டும் என்பதற்கு அல்ல.

கூப்பிட்டு வருவது வான்ட்ஸ் என்ற வரியின் வேலை. அதைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது:

சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் ஏபிடி-டெய்லி-அப்கிரேடு.சர்வீஸ்

[யூனிட்]
வான்ட்ஸ்=ஏபிடி-டெய்லி.சர்வீஸ்

இனி நிறுவும் வேலை எப்போது கிளம்பினாலும் பட்டியல் வேலையையும் கூடவே இழுத்து வரும். ஆஃப்டர் ஏற்கெனவே இருப்பதால் அது முடியும்வரை நிற்கும். ‘முடியும்வரை’ என்று சொல்லக் காரணம், ஏபிடி-டெய்லி ஒன்ஷாட் வகை சர்வீஸ். அந்த வகையில் வேலை முழுதாக முடிந்தால்தான் ‘தொடங்கிவிட்டது’ என்று கணக்கு. சிம்பிள் வகையாக இருந்திருந்தால் ப்ராசஸ் கிளம்பியதுமே அடுத்தது ஓடிவிடும். நீங்களே எழுதும் பேக்கப் சர்வீஸ் எதையாவது இந்த வரிசையில் கோக்கும்போது இந்த வித்தியாசம் காலை வாரும்.

இன்று பட்டியல் ஏற்கெனவே வந்திருந்தால் மறுபடி டேட்டா செலவாகுமோ என்று பயப்பட வேண்டாம். /எட்சி/ஏபிடி/ஏபிடி.கான்ஃப்.டி அடைவில் உள்ள 20ஆட்டோ-அப்கிரேட்ஸ் கோப்பில் பட்டியலுக்கு நேராக உள்ள 1 என்பது நாளுக்கு ஒருமுறை என்று பொருள். நேரமாகவில்லை என்றால் ஸ்கிரிப்ட் பேசாமல் திரும்பிவிடும். அந்த இடத்தில் 0 இருந்தால் டைமர்கள் ஒழுங்காக ஓடும், வேலை மட்டும் நடக்காது. அதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

வான்ட்ஸுக்குப் பதிலாக ரிக்வையர்ஸ் போடலாமா என்றால், போடலாம். அப்போது பட்டியல் வேலை தோற்றால் நிறுவும் வேலையும் ஓடாது. நெட் விட்டு விட்டு வரும் இடங்களில் தேவையில்லாத சிவப்பு எழுத்துகள் கூடும் என்பதால் நான் வான்ட்ஸோடு நிறுத்திக்கொள்வேன்.

நேரங்களை மட்டும் மாற்றி, பட்டியலைப் பதினொன்றரைக்கும் நிறுவுவதை இரண்டேகாலுக்கும் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். கரண்ட் இருக்கும் நாளில் போதும். பராமரிப்பு மின்தடை முடிந்து மாலையில் கம்ப்யூட்டரைப் போடும்போது இரண்டு நேரமும் தவறியிருக்கும், இரண்டும் ஒன்றாகத் துரத்திப் பிடிக்கப் பார்க்கும். எது முந்தும் என்பது தாமதத்தின் கையில். இரண்டையும் செய்யுங்கள், ஆனால் நம்ப வேண்டியது வான்ட்ஸ் வரியை.

சரிபார்க்க, நிறுவும் சர்வீஸைக் கையால் ஸ்டார்ட் செய்துவிட்டு:

ஜர்னல்சிடிஎல் -பி -யூ ஏபிடி-டெய்லி -யூ ஏபிடி-டெய்லி-அப்கிரேடு

முதலாவதின் ‘ஃபினிஷ்டு’ வரிக்குக் கீழேதான் இரண்டாவதின் ‘ஸ்டார்ட்டிங்’ வரி இருக்க வேண்டும்.

அறிகுறி: கம்ப்யூட்டர் போட்டதும் சர்வர் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது, சற்றுப் பொறுத்துக் கையால் செய்தால் சரியாக ஓடுகிறது

நெட் வருமுன்பே வேலை ஓடியிருக்கிறது. நெட்வொர்க்.டார்கெட் என்பது நெட்வொர்க் மேலாண்மை கிளம்பிவிட்டது என்பதற்கு மட்டும் அடையாளம், நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்தான் இணைப்பு வந்ததற்கு. ஏபிடி-டெய்லி இதற்காகவே தொடங்குமுன் கொஞ்சம் காத்துப் பார்க்கும். ஆனால் அந்தக் காத்திருப்பு தோற்றாலும் பரவாயில்லை என்று முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டிருப்பதால், நேரம் முடிந்ததும் நெட் இல்லாமலேயே ஓடிப் பார்க்கும்.

வைஃபையில் ஓடும் கடைகளில் முதலில் பார்க்க வேண்டியது வேறு. வைஃபை கடவுச்சொல்லைச் சேமிக்கும்போது ‘மற்ற பயனர்களுக்கும் கிடைக்கட்டும்’ என்ற கட்டத்தை டிக் செய்யாமல் விட்டிருந்தால், அந்தச் சொல் பயனரின் சாவிக்கொத்துக்குள் போய்விடும். அவர் லாகின் செய்தால்தான் வைஃபை இணையும். கடைப் பையன் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு டீ வாங்கப் போய் வருவதற்குள் அப்டேட் வேலை நெட் இல்லாமல் முயன்று தோற்றிருக்கும். நெட்வொர்க் அமைப்பில் போய் அந்தக் கட்டத்தை டிக் செய்யுங்கள், பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும்.

ஹாட்ஸ்பாட்டைக் கையால் இணைக்கும் இடங்களில் டிக் உதவாது. தானாக இணைய வேண்டியது எதுவும் இல்லையென்றால் நெட்வொர்க்மேனேஜர் தன் தொடக்க வேலை முடிந்தது என்று சொல்லிவிடும், ஆன்லைன் டார்கெட்டும் வந்ததாகக் கணக்காகிவிடும். அங்கே மேலே சொன்ன மதிய நேர மாற்றம்தான் வழி.

அறிகுறி: ஹாட்ஸ்பாட்டிலோ பேட்டரியிலோ ஓடும் லேப்டாப்பில் அப்டேட்டே ஆவதில்லை

இது பிழை இல்லை, அமைப்பு. இரண்டு சர்வீஸிலும் கண்டிஷன்ஏசிபவர்=ட்ரூ உண்டு. சார்ஜர் செருகாமல் இருந்தால் நிபந்தனை நிறைவேறவில்லை என்று பதிவில் ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் சார்ஜர் செருகியிருந்தால் அது கரண்ட் கணக்குதான். ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட்டை நெட்வொர்க்மேனேஜர் டேட்டாவை அளந்து செலவழிக்க வேண்டிய இணைப்பு என்று தானே ஊகித்துக்கொள்ளும், அப்போது அன்அட்டெண்டட்-அப்கிரேடு நிறுத்திக்கொள்ளும். அதே அடைவில் உள்ள 50அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் கோப்பில் இதை மாற்றலாம். தினம் ஒன்றரை ஜிபி பிளானில் பில் போடும் கடையாக இருந்தால் மாற்றாதீர்கள், வாரம் ஒருமுறை நல்ல நெட்டில் இணைத்துக் கையால் செய்யச் சொல்லுங்கள்.

அறிகுறி: ‘ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்கிறது

ரிலீஸ் கோப்பு என்பது பட்டியலோடு வரும் தேதியிட்ட கோப்பு. கம்ப்யூட்டரின் கடிகாரம் பின்தங்கியிருப்பதால் அந்தத் தேதி இன்னும் வரவில்லை என்று நினைக்கிறது. இரவில் மெயின் ஸ்விட்சை அணைக்கும் கடைகளில் கடிகாரத்தைக் காப்பது மதர்போர்டில் உள்ள பட்டன் செல் மட்டும்தான். கழற்றிப் பாருங்கள். கடல் காற்று படும் இடங்களில் செல்லைப் பிடித்திருக்கும் தகட்டில் பச்சை பூத்திருக்கும். செல்லை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் திரும்ப வரும், தகட்டையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

செல் செத்தாலும் திரையில் 1970 என்றெல்லாம் வராது. சிஸ்டம்டி-டைம்சிங்க்டி கடைசியாகத் தெரிந்த நேரத்தைக் கோப்பில் வைத்திருந்து அங்கிருந்து தொடங்கும். அதனால் நேற்று இரவு கடை சாத்திய நேரத்திலோ, இரண்டு நாள் முன்பாகவோ நிற்கும். பார்வைக்குச் சரியாகத் தெரிவதால் ஏமாந்துபோவோம். டைம்டேட்சிடிஎல் என்று தட்டி, ஒத்திசைந்ததா என்ற வரியில் ‘யெஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள்.

வரிசையைச் சரிசெய்ய சிஸ்டம்டி-டைம்-வெய்ட்-சிங்க்.சர்வீஸை எனேபிள் செய்யலாம். நேரம் குறித்து ஓடும் டைமர்கள் எல்லாம் டைம்-சிங்க்.டார்கெட்டுக்குப் பின்னால்தான் நிற்கின்றன. ஆனால் இந்த சர்வீஸ் இல்லாமல் அந்த டார்கெட் உண்மையில் எதற்கும் காத்திருக்காது. ஒரு எச்சரிக்கை: நெட் வராத நாளில் இது முடிவில்லாமல் காத்திருக்கும், மற்ற டைமர்களும் கூடவே நிற்கும். செல்லை மாற்றுவதுதான் மலிவு. தேதிச் சோதனையையே அணைத்துவிடும் வழியும் இருக்கிறது, அது பழைய பட்டியலை யாராவது தந்தால் பிடிக்கும் பாதுகாப்பு, அதைத் தொடாதீர்கள்.

அறிகுறி: ஷட்டவுன் கொடுத்தால் அணையவே மாட்டேன் என்கிறது

முதலில் அறிமுகப்படுத்திய ஐந்தாவது ஆள் இவர்தான். அப்டேட் பாதியில் இருந்தால் 30 நிமிடம் வரை இழுத்துப் பிடிப்பார். அந்த நேரத்தில் லாட்ஜ்காரர் பொறுமையிழந்து ஸ்விட்சைத் தட்டினால், மறுநாள் டிபிகேஜி பாதியில் அறுந்துவிட்டது என்ற செய்தி வரும். அப்போது:

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ

பெரும்பாலும் இதுவே போதும். போதவில்லை என்றால் அடுத்து ஏபிடி --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால். நேரத்தை மதியத்துக்கு மாற்றியிருந்தால் இரவில் சாத்தும்போது இந்தச் சிக்கல் அநேகமாக வராது.

அறிகுறி: நீங்கள் வரிசை மாற்றியபின் ஏதோ ஒரு சர்வீஸ் கிளம்புவதே இல்லை

பில்லிங் மென்பொருள் அப்டேட்டுக்குப் பின்தான் வர வேண்டும் என்று அதில் ஒரு ஆஃப்டர், அப்டேட் பில்லிங்குக்குப் பின்தான் என்று வேறொரு நாளில் இன்னொரு ஆஃப்டர். இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்ப நேர்ந்தால் வட்டமாகிவிடும். சிஸ்டம்டி வட்டத்தை உடைக்க ஏதாவது ஒன்றைத் தூக்கி எறியும். எதை எறியும் என்பது உங்கள் விருப்பம் அல்ல. ஜர்னலில் ‘ஆர்டரிங் சைக்கிள்’ என்று தேடினால் எது போனது என்று பெயரோடு இருக்கும். என்னைக் கேட்டால் பில்லிங்கை அப்டேட்டுக்குப் பின்னால் கட்டவே வேண்டாம். நெட் மந்தமான காலையில் கல்லா திறக்காமல் வாடிக்கையாளர் நிற்பார்.

திருத்தும்போது ஒன்று கவனம். ஆன்காலண்டரை வெற்று வரி போட்டு அழித்ததுபோல ஆஃப்டரை அழிக்க முடியாது. சேர்க்க மட்டுமே முடியும். மூலக் கோப்பில் உள்ள ஆஃப்டரை நீக்க வேண்டுமென்றால் எடிட் கட்டளையோடு --ஃபுல் சேர்த்து முழுக் கோப்பையும் நகலெடுத்துத் திருத்த வேண்டும். நீங்கள் சேர்த்த துண்டுதான் காரணம் என்றால் அவ்வளவு சிரமம் இல்லை:

சூடோ சிஸ்டம்சிடிஎல் ரிவெர்ட் ஏபிடி-டெய்லி-அப்கிரேடு.சர்வீஸ்

இது வான்ட்ஸ் வரியையும் சேர்த்துத் துடைத்துவிடும். அதைத் திரும்ப எழுதிவிட்டு, சிஸ்டம்டி-அனலைஸ் வெரிஃபை போட்டு எழுத்துப்பிழை இல்லையென்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒருமுறை ரீபூட்.